உப்பும் உலோகமும்

கடையத்து இராமநதி நீர், கடனாநதி வழியே பொருநையிற் கலந்து, புன்னைக்காயல் அருகே கடலை அடைகிறது. ஆற்றில் மெல்லத் துருவேறும் இரும்பு, கடலில் விரைந்து அரிக்கப்படுகிறது. உப்பு நீரில் மின்னோட்டம் எளிதில் பாய்வதே காரணம். அக்கழிமுகத்தை அடுத்ததுதான் மரக்காயர்களின் காயல்பட்டினம். ஆகவே, கலங்களை உப்பினின்று காத்த வரலாறு நமக்கு அயலன்று.

முற்கால அரபுக் கலங்கள் பல, இரும்பாணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. 12ஆம் நூற்றாண்டில் ஹஜ் பயணம் மேற்கொண்ட இப்னு ஜுபைர், செங்கடலில் அவற்றைக் கண்டு, சுறா எண்ணெய் பூசும் வழக்கத்தையும் குறித்துள்ளார். பாறையில் மோதினால் ஆணியடித்த கலம் உடையும், தைத்த கலம் தாங்கும் என்பது 14ஆம் நூற்றாண்டினரான இப்னு பதூதா தரும் விளக்கம். ஆணி இல்லாத இடத்தில் துருவுக்கும் இடமில்லை.

1761இல் ஆங்கிலேயக் கடற்படை, 'அலார்ம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகட்டால் போர்த்தியது. மரந்துளைக்கும் கடற்புழு அணுகவில்லை. ஆனால் 1763இல் ஆராய்ந்தபோது, செம்பைத் தொட்டிருந்த இரும்பாணிகள் அரிபட்டிருந்தன. இடையே பழுப்புக் காகிதம் எஞ்சியிருந்த இடங்களில் ஆணிகள் பிழைத்திருந்தன. இரு வேறு உலோகங்கள் கடல்நீரில் தொட்டுக்கொண்டால், ஒன்று மற்றொன்றுக்காக அழியும் என்பது அதனால் விளங்கிற்று.

1824இல் ஹம்ப்ரி டேவி அவ்வழிவையே காவலாக்கினார். செம்போடு சிறிது துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தார். அது கரைய, செம்பு பிழைத்தது. ஆயினும் கொட்டலசுகளை விரட்டியது கரையும் செம்பே. கரைவது நின்றதும் அவை மொய்த்தன. கப்பலின் வேகம் குன்றியது. கடற்படை அம்முறையைக் கைவிட்டது.

இன்று விசைப்படகின் பின்புறம் நீரில் இறங்கி விசிறியைச் சுழற்றும் 'அவுட்டிரைவ்' எனும் பகுதி, பெரும்பாலும் அலுமினியக் கலவையாலானது. அதைப் பேணுவோர்க்கு அவ்விரு நிகழ்ச்சிகளுமே பாடம். கடலிலிருந்து திரும்பியதும் நன்னீரால் கழுவுதல் வேண்டும். வண்ணம் உரிந்த இடத்தைத் தேய்த்துத் துப்புரவாக்கி, முதற்பூச்சிட்ட பின்னரே மேற்பூச்சிடல் வேண்டும். செம்பு கலந்த பூச்சு அலுமினியத்தை அரிக்குமாதலால் அதனை விலக்கல் வேண்டும். காவலுக்குப் பொருத்திய துத்தநாகக் கட்டியின் மீது வண்ணம் பூசினால் அது பயன்படாது. பாதி கரைந்ததும் மாற்றிவிடுதல் நன்று.

நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டால், கரையில் ஒரு குடும்பம் கண்ணுறங்காது காத்திருக்கும். கைக்கு வந்த கருவியும் அமானிதமே. அதனைப் பேணுதல் நம் கடன்.