ஆறு விரல் சிறுவனும் அப்பா போட்ட கணக்கும்

இந்த முறை ஒரு கணக்குப் புலியின் கதை. பயப்பட வேண்டாம், சூத்திரம் எதுவும் கிடையாது. அதிசய சக்தியோடு பிறந்த ஒரு குழந்தை, அந்தக் குழந்தையால் இரண்டாகப் பிரிந்துபோன ஒரு குடும்பம், அவ்வளவுதான்.

சினிமாவிலும் மாயாஜாலக் கதைகளிலும் அதிசயக் குழந்தை பிறந்தால் ஊரே கூடிக் கும்பிடும். பெற்றோர் ஆனந்தக் கண்ணீர் விடுவார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது, மற்ற பிள்ளைகளை யார் பார்த்தார்கள் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. வரலாற்றில் நிஜமாகவே அப்படி ஒரு வீடு இருந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கேபட் என்ற சிற்றூர். 1804 செப்டம்பரில் அங்கே பிறந்தவன்தான் ஜெரா கோல்பர்ன்.

அப்பா அபியா கோல்பர்ன் விவசாயி, தச்சு வேலையும் செய்வார். வீட்டில் பிள்ளைகள் நிறைய. அவர்களில் ஜெராதான் கொஞ்சம் மந்தம் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். அவனுக்கு ஒவ்வொரு கையிலும் ஆறு விரல். இது மட்டும் பெரிய மர்மம் இல்லை, ஏனென்றால் அப்பாவுக்கும் அப்படித்தான். பின்னாளில் லண்டன் மருத்துவர் அந்தோணி கார்லைல் இந்தக் குடும்பத்தின் கூடுதல் விரல்கள் தலைமுறை தலைமுறையாக வந்த விதத்தை ஆராய்ந்து 1814இல் ஒரு கட்டுரையே வெளியிட்டார்.

விரலுக்குக் காரணம் சொல்ல முடிந்தது. அடுத்து நடந்ததற்குத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை.

1810 ஆகஸ்ட். ஜெராவுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. பள்ளிக்கூடம் போனது சுமார் ஆறு வாரம்தான். அப்பா தச்சு வேலை செய்துகொண்டிருக்க, பையன் கீழே கிடந்த மரச்சீவல்களில் விளையாடிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தான். காது கொடுத்துக் கேட்டால், பெருக்கல் வாய்பாடு! அப்பா சந்தேகத்தோடு, "13ஐ 97ஆல் பெருக்கினால்?" என்று கேட்டார். 1,261 என்று சட்டென்று பதில் வந்தது. நீங்களும் போட்டுப் பாருங்கள், சரியாக இருக்கும்.

அந்த நிமிடத்தோடு அந்த வீடு பழைய வீடாக இல்லை. அபியா கையிலிருந்த வேலையை விட்டார், பையனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். முதலில் பக்கத்து ஊர்கள், பிறகு போஸ்டன். கட்டணம் வாங்கிக்கொண்டு காட்சி. யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம்.

இங்கேதான் முதல் திருப்பம். டார்ட்மத் கல்லூரித் தலைவர் வீலாக், பையனைத் தானே படிக்க வைப்பதாகச் சொன்னார். அப்பா மறுத்தார். போஸ்டன் பிரமுகர்கள், பணம் திரட்டி ஒரு பகுதியை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு மீதியைப் பையனின் படிப்புக்கு வைக்கலாம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். அதுவும் படியவில்லை. இன்னும் பெரிதாக வரும் என்று அப்பா நம்பினார். வணிகவியல் படிக்கும் எங்கள் வகுப்பில் இதற்குப் பெயர் வாய்ப்புச் செலவு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடுகிற அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்பு. அபியா அந்தக் கணக்கைப் போட்டதாகவே தெரியவில்லை.

1812இல் அப்பாவும் ஏழு வயது மகனும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். அம்மாவும் மற்ற பிள்ளைகளும் வெர்மான்ட்டிலேயே.

லண்டன் வாய்பிளந்தது. 8ஐ 16 முறை எழுதிப் பெருக்கினால் என்ன? 281,474,976,710,656 என்றான். 268,336,125இன் கனமூலம்? 645 என்று உடனே பதில். 48 வருடத்தில் எத்தனை நிமிடம்? 25,228,800. எல்லாம் மனக்கணக்குத்தான், தாளும் இல்லை, பேனாவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக 4,294,967,297 என்ற எண். இதைப் பகா எண் என்று 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற கணித மேதை நம்பினார். அது தவறு என்று 1732இல் ஆய்லர் காட்டினார். இதைப் பற்றி எதுவுமே தெரியாத அந்தச் சிறுவன், 641ஆல் வகுபடும் என்று மனதுக்குள்ளேயே கண்டுபிடித்துச் சொன்னான்!

எப்படிச் செய்கிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைதானே!

1813இல் டப்ளினில் அவனோடு மனக்கணக்குப் போட்டியில் மோதித் தோற்றான் இன்னொரு எட்டு வயதுச் சிறுவன். பெயர் வில்லியம் ரோவன் ஹாமில்டன். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற கணித மேதை. தோற்ற பையன் மேதையானான். ஜெயித்த பையன்?

ஜெயித்தவனின் படிப்பு துண்டு துண்டாகப் போனது. பாரிசில் ஒரு பள்ளியில் கொஞ்ச காலம். பிறகு பிரிஸ்டல் பிரபு உதவியால் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் 1816 முதல் 1819 வரை. அதற்குப் பிறகு அப்பாவே அவனை அங்கிருந்து எடுத்துவிட்டார். அதற்குள் பையன் வளர்ந்துவிட்டான், குழந்தை என்ற கவர்ச்சி போய்விட்டது, கூட்டமும் குறைந்துவிட்டது. அடுத்து என்ன செய்யலாம்? நாடக நடிகனாக்கலாம் என்றார் அப்பா. அதையும் முயன்றார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பள்ளி ஆசிரியர் வேலை பார்த்துத்தான் மகன் பிழைத்தான். 1824இல் அபியா லண்டனிலேயே காசநோயால் இறந்தார். எதிர்பார்த்த செல்வம் கடைசிவரை வரவில்லை.

இப்போது ஒரு நிமிடம் கேபட்டுக்குத் திரும்புவோம். ஜெராவின் அம்மா எலிசபெத் அந்தப் பன்னிரண்டு வருடங்களாக என்ன செய்துகொண்டிருந்தார்? கணவன் இல்லாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். வெர்மான்ட் குளிர் எப்படியென்று படித்திருப்பீர்கள். 1816ஆம் ஆண்டு அந்தப் பகுதியில் கோடைக்காலமே இல்லாத ஆண்டு. இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக ஜூன் மாதத்திலேயே பனி பெய்து பயிர்கள் கருகின. மகன் லண்டனில் பிரபுக்களின் பிள்ளைகளோடு படிக்கச் சேர்ந்த அதே வருடம்! ஏழு வயதில் போன பையன் கிட்டத்தட்ட இருபது வயதில், அப்பா இல்லாமல் தனியாகத் திரும்பி வந்து நின்றான்.

ஜெராவின் பெயர் கலைக்களஞ்சியங்களில் இருக்கிறது. அபியாவின் பெயரும் இருக்கிறது. எலிசபெத்துக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. ஆனால் எனக்கு என்னவோ இந்தக் கதையின் முழுச் செலவும் அவர் பேரேட்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று தோன்றுகிறது. வரவுப் பக்கத்தில் அவருக்கு என்ன வந்தது?

"அதிசய சக்தி என்றாலே இப்படித்தான், அது சாபம்" என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது.

அதே காலத்தில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஜார்ஜ் பிடர் என்று இன்னொரு பையன். 1806இல் பிறந்தவன், கல்தச்சரின் மகன். அவனுக்கும் இதே சக்தி. அவன் அப்பாவும் ஊர் ஊராகக் கூட்டிப்போய்க் காட்சி நடத்தினார். நல்லவர்கள் சிலர் பள்ளியில் சேர்த்தபோது, அங்கிருந்து எடுத்து மறுபடி மேடையேற்றினார். 1818இல் ஜெராவும் பிடரும் நேருக்கு நேர் போட்டியிட்டதும் உண்டு. இதுவரை இரண்டு கதையும் அச்சு அசல் ஒன்றுதான். ஆனால் பிடரின் அப்பா ஒரு கட்டத்தில் இறங்கிவந்தார். எடின்பரோ அன்பர்கள் செலவில் மகன் அங்கே பல்கலைக்கழகத்தில் படித்தான். படித்துப் பொறியாளரானான். ராபர்ட் ஸ்டீபன்சனோடு ரயில் பாதைகள், லண்டனில் விக்டோரியா கப்பல்துறை என்று பெரிய பெரிய வேலைகள் செய்தான். கணக்குத் திறமை முதுமைவரை கூடவே இருந்தது. 1878இல் வசதியான மனிதராக இறந்தார்.

இருவரிடமும் இருந்தது ஒரே சக்திதான். ஒரு வீட்டில் அது கடைசிவரை விற்பனைச் சரக்காகவே இருந்தது, இன்னொரு வீட்டில் தாமதமாகவேனும் பிள்ளை பிள்ளையாக நடத்தப்பட்டான். சரக்கு என்றால் புதுசு போனதும் விலை இறங்கும். இதைத் தெரிந்துகொள்ள வணிகவியல் பட்டம்கூடத் தேவையில்லை.

ஜெராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊர் திரும்பிய பிறகு அவர் மெதடிஸ்ட் சபைப் போதகரானார். கணக்குச் சக்தி படிப்படியாகக் குறைந்துவிட்டது. 1833இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி, சிறுவயதில் சொல்லத் தெரியாத அந்த வழிமுறைகளை அதில் விளக்கினார். 1835இல் வெர்மான்ட்டிலேயே நார்விச் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கணிதத்துக்கு என்று நினைத்தீர்களா? இல்லை, மொழிகளுக்கு! 1839இல் 34 வயதில் இறந்தார்.

ஆறு வயதில் எல்லோரும் அவனிடம் எண்களைத்தான் கேட்டார்கள். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. தானே தேர்ந்தெடுக்க முடிந்தபோது அவர் போய் நின்ற இடம் எண்கள் இல்லாத வகுப்பறை. எனக்கு இது வெறும் தற்செயலாகப் படவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இன்றைக்கும் தொலைக்காட்சியில் நான்கு வயதுக் குழந்தை நாடுகளின் தலைநகரங்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும்போது நாம் கைதட்டுகிறோம். தட்டலாம், தவறில்லை. அப்படியே அந்தக் குழந்தை நாளைக்குப் பள்ளிக்கூடம் போகுமா, வீட்டில் அண்ணனும் தங்கையும் என்ன செய்கிறார்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் கேபட்டில் அந்தக் கேள்வியை யாராவது அபியாவிடம் கேட்டிருக்கலாம்.