பேரேடும் வாக்காளர் பட்டியலும்

கடை வைத்திருப்பவனுக்குப் பேரேடுதான் உயிர். இறந்துபோனவர் கணக்கும் ஊரைவிட்டுப் போனவர் கணக்கும் அடிக்கப்படாமல் அதிலேயே கிடந்தால், வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று எந்தக் கணக்கப்பிள்ளையாலும் சொல்ல முடியாது. பெங்களூர் வாக்காளர் பட்டியலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பேரேடுதான் நினைவுக்கு வரும்.

"பெங்களூர்க்காரங்க எங்கே ஓட்டுப் போடறாங்க? லீவு கிடைச்சா ஊட்டிக்குக் கிளம்பிடுவாங்க" என்று ஒவ்வொரு தேர்தலிலும் பேச்சு அடிபடுகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2019, 2024 ஆகிய இரு மக்களவைத் தேர்தல்களிலும் பெங்களூர் வடக்கு, மத்தி, தெற்கு ஆகிய மூன்று தொகுதிகளும் 53 முதல் 55 விழுக்காட்டுக்குள்ளேயே நின்றன. 2024இல் கர்நாடகம் முழுவதற்கும் 70 விழுக்காட்டைத் தாண்டியது. பக்கத்து மண்டியா 80ஐத் தாண்டியது. விடுமுறைதான் காரணம் என்றால், 2023 சட்டமன்றத் தேர்தல் மே 10, புதன்கிழமை, வாரத்தின் நட்டநடுவில் வைக்கப்பட்டது. அப்போதும் நகரத்தில் ஏறத்தாழ 54 விழுக்காடுதான். மை வைத்த விரலைக் காட்டினால் தோசை இலவசம் என்றுகூடச் சில ஓட்டல்காரர்கள் அறிவித்துப் பார்த்தார்கள். ஆகவே சோம்பலை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. பட்டியலையும் புரட்டிப் பார்க்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பட்டியலில் யார் பெயர் இருக்கலாம் என்ற கேள்வி நமக்குப் புதிதன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை நம்மவர் பெருமையோடு எடுத்துச் சொல்லுவார்கள். பெருமைதான். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. குடவோலை என்பது இன்றைய வாக்குப்பதிவைப் போன்றதன்று. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரம் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்த திருவுளச்சீட்டு அது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி என்று தகுதிகள் வைத்தார்கள். நிலமற்றவனுக்கும் பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை. இருந்தாலும் ஒரு விதியை நான் மிக விரும்புகிறேன். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை மட்டுமல்ல, அவன் உறவினர் பெயரைக்கூட ஓலையில் எழுதக் கூடாது. குடத்தைக் குலுக்குவதற்கு முன்பே பெயர்களைச் சலித்தார்கள்.

இனிப் பெங்களூருக்கு வருவோம். 1881இல் திவான் ரங்காச்சார்லு மைசூர்ப் பிரஜாப் பிரதிநிதி சபையைத் தொடங்கினார். தசராவை ஒட்டிக் கூடிய முதற் சபையில் 144 பேர். நிலக்கிழார்களும் வணிகர்களுமே மிகுதி. தேர்தல் முறை வந்தது பிறகுதான், அதுவும் சொத்துள்ளவர்களுக்கே. இதே 1881இல் மைசூர் நாடு உடையார்களிடம் திரும்பியபோது, தமிழர் திரளாக வாழ்ந்த தண்டுப்பகுதி மட்டும் ஆங்கிலேயர் கையிலேயே தங்கிவிட்டது. சென்னைப் படையோடு வந்து குடியேறிய நம் முன்னோர் மைசூர் மண்ணில் வாழ்ந்தும் மைசூர் ஆட்சிக்கு வெளியே இருந்தார்கள். 1947 ஜூலையில்தான் தண்டு மைசூரோடு சேர்ந்தது. 1949இல் இரண்டு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின.

அடுத்து வந்தது 1951-52 பொதுத்தேர்தல். சொத்து, படிப்பு, சாதி எதுவும் கேட்காமல் 21 வயது நிறைந்த எல்லாருக்கும் வாக்கு. சுமார் 17 கோடிப் பேரைப் பட்டியலில் ஏற்றினார்கள். அங்கும் ஒரு சோகம் நடந்தது. வடமாநிலங்களில் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்லாமல் "இன்னார் மனைவி", "இன்னார் மகள்" என்றே எழுதவைத்தார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. நாடு உரிமையைக் கொடுத்திருந்தும், ஏட்டில் பெயர் இல்லாததால் அது கைக்கு வராமல் போயிற்று. 1989இல் வாக்குரிமை வயது 18 ஆனதும், 1993 முதல் டி.என். சேஷன் காலத்தில் புகைப்பட அடையாள அட்டை வந்ததும் இதே பேரேட்டைச் சீர்செய்த கதைகள்தாம்.

இப்போது நம் நகரக் கணக்கு. வாடகைக்கு இருப்பவர் மூன்று வீடு மாறி, மூன்று இடத்திலும் பெயர் நின்றுவிட்டால், அவர் ஒழுங்காக ஓரிடத்தில் ஓட்டுப் போட்டாலும் இரண்டு பேர் வராத கணக்குத்தான் விழும். அதனால் விழுக்காடு குறைந்து காட்டும். மாறாக, இங்கேயே முப்பது வருடம் வாழ்ந்தும் பெயர் சேர்க்காதவர் எந்த விழுக்காட்டிலும் வருவதில்லை. அவர் கணக்கிலேயே இல்லாத மனிதர். பட்டியல் வேலை எவ்வளவு கவனம் வேண்டுவது என்பதற்கு 2022 நவம்பரே சான்று. வாக்காளர் விவரம் திரட்டியதில் முறைகேடு என்று புகார் எழவே, சிவாஜிநகர், சிக்பேட்டை, மகாதேவபுரம் ஆகிய மூன்று தொகுதிகளிலும் சேர்த்தல் நீக்கல் அனைத்தையும் மறுபடி சரிபார்க்கத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது.

பிறரைச் சொல்வானேன், நானே குற்றவாளி. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து இங்கே கடை போட்டு இருபது வருடம் கழிந்தும், ஓட்டை ஊரிலேயே வைத்திருந்தேன். ஜினாலயமும் பூர்வீக வீடும் அங்கே இருக்கும்போது பெயரை எப்படி எடுப்பது என்ற பாசம்தான். ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருச் சாக்கடை பொங்கிக் கடைக்குள் வந்துவிட்டது. தெருவார் சேர்ந்து வட்டப் பிரதிநிதியிடம் போனோம். அவர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன சார், ஓட்டு மட்டும் ஊர்ல, சாக்கடை இங்கேயா?" என்றார். கோபம் வந்தது, பதில் வரவில்லை. அந்த வருடமே குடும்பத்தோடு பெயரை இங்கே மாற்றிக்கொண்டோம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் பதிவு. ஓரூரில் சொந்த வீடு இருப்பதனால் மட்டும் அங்கே வசிப்பவர் ஆகிவிட முடியாது. இரண்டு தொகுதியில் பெயர் வைத்திருக்கக் கூடாது. பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. 2024இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, இங்கே ஏப்ரல் 26 என்றதும், "ரெண்டு இடத்திலும் போடலாமே" என்று என்னிடமே சிலர் கேட்டார்கள். கூடவே கூடாது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வரைவுப் பட்டியலில் வரவில்லை. அவற்றில் பெரும்பகுதி குடிபெயர்ந்தோர் என்ற கணக்கில் போனவை. அங்கும் பெயர் போய், இங்கும் சேர்க்காமல் இருந்தால் நாம் எந்த ஊர்க் குடிமக்கள்?

செய்யவேண்டியது சிறிது. புதிதாகச் சேர்ப்பவர்களுக்குப் படிவம் 6. இடம் மாறியவர்களுக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. முன்பு ஜனவரி 1ஆம் தேதியில் 18 நிறைந்தவர்களுக்குத்தான் வாய்ப்பு. 2022க்குப் பின் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் கணக்கில் உண்டு. வீட்டில் இறந்த பெரியவர் பெயரிருந்தால் படிவம் 7 கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். அது அவருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது. 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தபின் ஐந்து வருடம் வட்டத்துக்கு ஒரு உறுப்பினர் இல்லாமல் நாம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். 2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்து, வட்டங்களின் எல்லையும் மாறிவிட்டது. அதனால் பெயர் எந்த வட்டத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்துவைப்பது அவசியம்.

விரலில் வைக்கும் மை நம் மைசூரில்தான் தயாராகிறது. நாடு முழுவதற்கும் இங்கிருந்தே போகிறது. அந்த மை நம் விரலுக்கு வரவேண்டுமானால் முதலில் ஏட்டில் பெயர் வேண்டும். தீபாவளிக்குப் புதுக்கணக்கு எழுதும் நாளில், வீட்டில் எத்தனை பேர், எத்தனை பெயர் பட்டியலில் என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள். கணக்கு நேராக வரட்டும்.