தோட்டப் பள்ளிக்கு வந்த வானொலி



பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் முன்னோர் அறிந்திருந்த ஊரே இன்றைய பெஸ்தாரி ஜெயா. கோலசிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூருக்கு அருகில் தென்னமரம் தோட்டம் உள்ளது. மலாயாவில் முதன்முதலாக வாணிப நோக்கில் செம்பனை பயிரிடப்பட்டது அங்குதான். 1917ஆம் ஆண்டில் ஆன்ரி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அதனைத் தொடங்கினார். புதிய பயிரின் நுட்பங்களைத் தோட்டங்கள் விரைந்து கற்றுக்கொண்டன. ஆனால், அங்கு உழைத்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி மெதுவாகவே வந்து சேர்ந்தது. அது வந்த வழியை இன்று காண்போம்.

ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், தோட்ட நிருவாகம் பள்ளி ஒன்றை அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் வந்தது; ஆனால் தேர்ச்சி பெற்ற ஆசிரியர்கள் எங்கே? பல தோட்டங்களில் கங்காணியோ, கிராணியோ, மருந்துக் கொட்டகை டிரசரோதான் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஒரே கூரையின் கீழ் பல வகுப்புகள். அவற்றுக்கெல்லாம் ஓர் ஆசிரியர். அங்குத் தேறாத பிள்ளைக்குக் காத்திருந்தவை பால்வாளியும் வெளிக்காட்டு வேலையுமே.

இந்நிலையில் ஆசிரியர் தாமும் மாணவராக வேண்டியிருந்தது. 1924இல் தோன்றிய தமிழ் நேசனும் 1935இல் தோன்றிய தமிழ் முரசும் அவருக்குப் பாடநூல்கள் போல் உதவின. 1950ஆம் ஆண்டில் தமிழ் நேசன் கதை வகுப்பு நடத்தியபோது, எழுதக் கற்க விரும்பியோர் நாளிதழ் வழியாகவே பயின்றனர். 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பின்னர், தமிழ்ப் பள்ளிகளும் பொதுப் பாடத்திட்டத்தின்கீழ் வந்தன. தமிழும் கணக்கும் மட்டும் கற்பித்து வந்தவர்கள் பிற பாடங்களையும் கற்பிக்கத் தம்மை ஆயத்தம் செய்துகொள்ள நேர்ந்தது.

அவர்களுக்குத் துணையாக 1966இல் கல்வி வானொலி வந்தது. வானொலிப் பாடத்திற்கு ஒரு தன்மை உண்டு. பிள்ளைக்குப் புரியவில்லை என்பதற்காக அது நிற்பதில்லை. சொன்னதைத் திரும்பச் சொல்வதுமில்லை. ஆதலால், நல்ல ஆசிரியர் பாடத்தை முன்கூட்டியே படித்துக்கொள்வார். கடினமான சொற்களைக் கரும்பலகையில் எழுதி விளக்கிய பின்னரே பெட்டியைத் திருகுவார். பாடம் முடிந்ததும் பிள்ளைகளைக் கேள்வி கேட்டு, அவர்கள் தவறவிட்டதை எடுத்துச் சொல்வார். கால்மணி நேரப் பாடத்திற்கு அதனினும் மிகுந்த உழைப்பு வேண்டியிருந்தது. அவ்வாறு செய்யாத வகுப்பில் வானொலி வெறும் ஓசையாகவே நின்றுவிடும்.

1972ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. ஆனால், மின்சாரம் மாலையில் மட்டுமே கிடைத்த தோட்டங்களில், பகல் நேரத்தில் தொலைக்காட்சிப் பாடத்தை எப்படிப் பார்ப்பது? மின்கலத்தில் இயங்கும் வானொலிக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. கருவி புதியதாக இருந்தால் மட்டும் போதாது. அது இடத்திற்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதை இதனால் அறிகிறோம்.

கோவிட் தொற்றின் காரணமாக 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்து, பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைப்பேசிக்குள் சென்றது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் கைப்பேசி ஒன்றுதான். அதுவும் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பழைய மின்சாரக் கேள்வியே வேறு உருவில் திரும்பி வந்தது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் டிடிக் டிவி என்னும் கல்வி அலைவரிசை தொடங்கப்பட்டபோது, வீட்டுத் தொலைக்காட்சி மீண்டும் வகுப்பறையாயிற்று.

நேயர்களே, நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி எனக் கருவிகள் மாறி வந்துள்ளன. ஒவ்வொன்றையும் முதலில் தாம் கற்று, பின்னர் பிள்ளைக்குப் பயன்படச் செய்தவர் ஆசிரியர். வீட்டில் அந்தப் பொறுப்பு நம்முடையது. இன்றைய பாடம் என்ன என்று பிள்ளையிடம் கேட்போம். தெரியாததை அவர்களோடு சேர்ந்து கற்போம். கற்பதற்கு வயது ஒரு தடையன்று.