பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்: மக்கள் வந்து சேர்ந்த வரலாறு

சென்னையின் மேற்கே உள்ள பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய மூன்று ஊர்களின் மக்களும் ஒரே காலத்தில் குடியேறியவர்கள் அல்லர். ஏரிப்பாசனம், கோட்டை, பட்டாளம், ரயில், தொழிற்சாலை என ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தது. 2011 கணக்கெடுப்பின்படி பூந்தமல்லியில் 57,224 பேரும், ஆவடியில் 3,45,996 பேரும், அம்பத்தூரில் 4,66,205 பேரும் வாழ்ந்தனர். இவர்கள் எந்தெந்த இனத்தவர் என்று அந்தக் கணக்கில் தேடினால் கிடைக்காது. அமெரிக்காவில் மிகச் சிறிய ஊருக்குக்கூட வெள்ளையர் எத்தனை விழுக்காடு, கறுப்பினத்தவர் எத்தனை விழுக்காடு என்று அரசே பட்டியல் வெளியிடுகிறது. இந்தியப் படிவத்தில் இனம் என்றொரு கேள்வி இல்லை. சமயம் என்ன, தாய்மொழி என்ன, பட்டியல் சாதியா, பழங்குடியா என்பதோடு சரி. இந்த வட்டாரத்து மக்கள் யார் என்பதைக் கல்வெட்டு, நிலக்கணக்கு, ஆலைகளின் வரலாறு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

தொண்டை மண்டலத்தின் பழைய நாட்டுப் பிரிவில் இந்தப் பகுதி புழல், புலியூர்க் கோட்டங்களை ஒட்டியது. இங்கு முதலில் ஆண்டவர்கள் ஆடு மேய்க்கும் குறும்பர்கள் என்றும், தொண்டைமான் என்ற அரசன் அவர்களை வென்று வேளாளரைக் குடியேற்றினான் என்றும் இந்தப் பகுதியின் மரபுக்கதை சொல்கிறது. ஆவடிக்கு அருகே திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் உள்ள இரண்டு எருக்கந் தூண்களை, ஓணன், காந்தன் என்ற குறும்பர் தலைவர்களின் கோட்டையிலிருந்து தொண்டைமான் எடுத்து வந்தவை என்று காட்டுவார்கள். கதையை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனாலும் மேய்ச்சல் நிலம் ஏரிப்பாசன நிலமானதும், பழைய குடிகள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டதும் அதில் பதிவாகியிருக்கின்றன. அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் ஏரிகளைச் சுற்றி எழுந்த ஊர்களில் காணியாட்சி எனப்பட்ட பரம்பரை நில உரிமை பெரும்பாலும் வேளாளரிடம் இருந்தது. கோயிலைச் சார்ந்து பிராமணர் வாழ்ந்தனர். உழைப்பவர்கள் ஊருக்கு வெளியே சேரியில் இருந்தனர். வைணவ மரபிலும் இந்த மண்ணுக்குப் பெரிய இடம் உண்டு. இராமானுசர் குருவாகப் போற்றிய திருக்கச்சி நம்பி பூந்தமல்லியில் பிறந்தவர். அவர் பிராமணர் அல்லர் என்பதைக் கருதாமல் இராமானுசர் அவரைப் பணிந்தார் என்று குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன.

விஜயநகர ஆட்சி தெலுங்கு பேசுவோரைக் கொண்டுவந்தது. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னைக் கடற்கரை நிலத்தை வழங்கிய தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரின் சகோதரர் அய்யப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்துதான் அதிகாரம் செலுத்தினார். சென்னை பிறந்தபோது பூந்தமல்லி ஏற்கெனவே ஓர் ஆட்சித் தலம். படைத்தலைவர்களோடு ரெட்டிகளும் நாயுடுகளும் வணிகர்களான கோமுட்டிகளும் வந்தனர். ஏரி வெட்டுவதிலும் கல் உடைப்பதிலும் தேர்ந்த ஒட்டர்களும் தெலுங்கு பேசுவோரே. இந்த வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் குடும்பங்களை இன்றும் காணலாம்.

1640-களில் கோல்கொண்டா படை இந்தப் பகுதியைக் கைப்பற்றியது. சுல்தான் அப்துல்லா குதுப் ஷா காலத்தில், 1653-ல், பூந்தமல்லியில் ஒரு மசூதி கட்டப்பட்டது. கட்டியவர் அஸ்தராபாத்தைச் சேர்ந்த சுல்பிகாரின் மகன் ருஸ்தம் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. அஸ்தராபாத் இன்று ஈரானில் கோர்கான் என்று வழங்கும் நகரம். காஸ்பியன் கடலோரத்துக்காரர் ஒருவர் தொண்டை மண்டலத்து ஊரில் கல்வெட்டு வைக்கும் அளவுக்கு அந்தக் காலத்துப் படையும் உத்தியோகமும் மனிதர்களை நகர்த்தின. பிறகு ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சியில் தக்னி உருது பேசும் குடும்பங்கள் இங்கே வேரூன்றின. தமிழ் பேசும் முஸ்லிம்கள் வேறு மரபினர். தொழுகை ஒரே பள்ளிவாசலில் என்றாலும் வீட்டு மொழி வேறு.

இந்தக் கிராமங்களில் யார் வாழ்ந்தார்கள் என்பதை வீடு வீடாகச் சொல்லும் முதல் ஆவணம் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நவாப் முகமது அலி 1763-ல் செங்கல்பட்டு ஜாகிரைக் கம்பெனிக்குக் கொடுத்தபின், தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களை அளந்தார். ஒவ்வோர் ஊரிலும் எந்தச் சாதிக்கு எத்தனை வீடு, விளைச்சலில் கோயிலுக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் வெட்டியானுக்கும் எவ்வளவு மேரை (பங்கு) என்பதெல்லாம் அதில் வருகின்றன. இந்த ஏடுகளைப் பிற்காலத்தில் தரம்பால் போன்ற வரலாற்று ஆய்வாளர்கள் ஆராய்ந்து, கிராமத்துக்குள் பங்கு முறை எப்படி இயங்கியது என்று காட்டினர். அந்தப் பங்கு முறையில் எல்லாருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது என்பது உண்மை. நிலத்தில் உரிமை மட்டும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

அந்த இரண்டாவது உண்மையை அரசுக்கு உறைக்கும்படி எழுதியவர் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர். மாவட்டத்தின் பறையர் குடிகளுக்குச் சொந்தமாக வீட்டுமனைகூட இல்லாதிருந்த நிலையையும், பரம்பரை நில உரிமை கொண்ட மிராசுதாரர்கள் நிலம் வாங்கவிடாமல் தடுத்ததையும் அவருடைய 1891-ஆம் ஆண்டு அறிக்கை விவரித்தது. அதைத் தொடர்ந்து 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று மக்கள் சொல்வது இதைத்தான். அந்த நிலத்தைப் பிற சாதியினருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும் ஏராளமான நிலம் கைமாறியது. அதை மீட்கும் போராட்டத்தில் 1994-ல் செங்கல்பட்டு அருகே காரணையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

பிரிட்டிஷ் காலத்தில் பூந்தமல்லி ஒரு கன்டோன்மென்ட். கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பியச் சிப்பாய்களையும், நோயுற்றுத் தேற வேண்டியவர்களையும் இங்கே தங்கவைத்தனர். கனடாவின் ரிடோ கால்வாயில் ஒரு மதகுக்குப் பூந்தமல்லியின் பெயர் இருப்பது இந்தப் பட்டாளத் தொடர்பால்தான். பட்டாளத்தோடு சமையற்காரர், வண்ணார், வண்டிக்காரர் என்று ஒரு பெருங்கூட்டம் வந்தது. கிறிஸ்தவக் குடும்பங்களும் பெருகின. மனிதர்களை இனமாகப் பிரித்து அளக்கும் ஆசையும் இதே காலத்தில்தான் உச்சத்தை எட்டியது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909-ல் வெளிவந்தன. மூக்கின் அகலத்தைக் கொண்டு மனிதரின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்ற அந்த நம்பிக்கைக்கு அறிவியலில் இன்று இடமில்லை. பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் திரட்டிய குறிப்புகள் மட்டுமே இப்போது பயன்படுகின்றன.

1856-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடத் தொடங்கிய ரயில் அம்பத்தூர், ஆவடி வழியே சென்றது. ஆனாலும் இவை இன்னும் நூறு ஆண்டுகள் கிராமங்களாகவே நீடித்தன. இரண்டாம் உலகப் போரின்போது ஆவடியில் ராணுவக் கிடங்குகள் எழுந்தன. 1955 ஜனவரியில் யு. என். தேபர் தலைமையில் நடந்த காங்கிரஸ் மாநாடு, சோசலிசப் பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தால் ஆவடியின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது. ஊரின் மக்கள்தொகையை மாற்றியதோ 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. ராணுவ உடைத் தொழிற்சாலை, விமானப்படைத் தளம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் என்று மத்திய அரசு நிறுவனங்கள் வரிசையாக அமைந்தன. கேரளம், ஆந்திரம், வங்காளம், ஒடிசா, பஞ்சாப், பீகார் என எல்லாத் திசையிலிருந்தும் ஊழியரும் வீரரும் குடும்பத்தோடு குவார்ட்டர்ஸில் குடியேறினர். அவர்களது பிள்ளைகள் கேந்திரிய வித்யாலயாக்களில் இந்தி படித்தனர். தெருவில் விளையாடித் தமிழ் கற்றனர். ஓய்வு பெற்றபின் ஊர் திரும்பாமல் பட்டாபிராமிலும் திருமுல்லைவாயிலிலும் மனை வாங்கி நிலைத்தவர் பலர்.

அம்பத்தூரின் கதை தனியார் ஆலைகளோடு தொடங்குகிறது. முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கின; 1959-ல் டன்லப் டயர் ஆலை வந்தது; 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை அமைந்தது. முதல் தலைமுறைத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள். இன்று அதே பேட்டையின் பட்டறைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் இளைஞர்கள் வேலை செய்கின்றனர். ஒரே அறையில் பலராகத் தங்கும் இவர்களில் பெரும்பாலோருக்கு ரேஷன் அட்டையும் வாக்கும் சொந்த ஊரில்தான். 2020 கொரோனா ஊரடங்கில் இவர்கள் ரயிலுக்காகக் காத்துக்கிடந்தபோதுதான் இவ்வளவு பேர் இங்கே இருக்கிறார்கள் என்பதையே நகரம் கவனித்தது.

எல்லாப் பட்டியல்களிலும் ஓரத்தில் நிற்பவர்கள் இருளரும் நரிக்குறவரும். ஏரிக்கரைகளில் எலி, பாம்பு பிடித்தும் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாக உழன்றும் வாழ்ந்த இருளர்கள் பட்டியல் பழங்குடியினராகவே இருந்தபோதும் வீட்டுமனைப் பட்டாவுக்குத் தலைமுறைக் கணக்கில் அலைகிறார்கள். ஆவடியில் வாழும் நரிக்குறவர்கள் பேசும் வாக்ரிபோலி எழுத்தில்லாத மொழி. குஜராத்தி, மராத்தியோடு உறவுடையது. 2022 ஏப்ரலில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அவர்களுடைய குடியிருப்புக்குச் சென்றார். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தம் அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அரை நூற்றாண்டுக் கோரிக்கைக்கு இவ்வளவு தாமதமாகக் கிடைத்த நீதி அது.

எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1931-ல் நடந்தது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அடுத்தது 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு, சாதியையும் கேட்டு எடுக்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025-ல் அறிவித்தது. 2011 அக்டோபரில் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்து, 2019-ல் ஆவடி தனி மாநகராட்சியான பிறகு இந்த ஊர்களில் நடக்கும் முதல் கணக்கெடுப்பும் அதுவே.