துய்ப்ளேக்ஸ் துரையா, நவாபா?

எங்கள் கனகசெட்டிக்குளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், மகாபலிபுரத்துக்கு முன்னால் சதுரங்கப்பட்டினம் வரும். அப்போது டச்சுக்காரர் ஊர். 1754 ஜனவரியில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அங்கே உட்கார்ந்து சமாதானம் பேசினார்கள். பேச்சு முறிந்துபோச்சு. ஏன் என்று தேடினால் ஒரு பட்டத்தில் வந்து நிற்கிறது.

1750 டிசம்பரில் நாசிர் ஜங் கொல்லப்பட்டு, முசாபர் ஜங் தக்காணத்து சுபேதாரானார். புதுச்சேரிக்கு வந்து தர்பார் நடத்தினார். தன்னை ஏற்றிவிட்ட கவர்னர் துய்ப்ளேக்ஸுக்கு 'ஜபர் ஜங் பகதூர்' பட்டமும் கிருஷ்ணா நதிக்குத் தெற்கே அதிகாரமும் கொடுத்தார். துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளைக்கும் மூவாயிரம் குதிரை மன்சப் கிடைத்தது. பிள்ளை லாயத்தில் மூவாயிரம் குதிரை கட்டினார் என்று நினைச்சிடாதீங்க, அது அந்தஸ்தைச் சொல்லும் எண்.

இனிமேல் துய்ப்ளேக்ஸை எப்படி அழைப்பது? அன்றைய அரசாங்கக் கடிதம் பாரசீகத்தில் போகும். அதன் தலைப்பில் வரும் பட்ட வரிசைக்கு 'அல்காப்' என்று பெயர். பெறுகிறவர் தகுதி என்ன, எழுதுகிறவர் தன்னை எங்கே வைத்துக்கொள்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஒரு சொல் குறைந்தால் அவமானம்; கூடினால் ஒப்புதல். நம்ம 'மகாராஜராஜஸ்ரீ'யும் ஒருகாலத்தில் கனமான சொல்தான். பிறகு ம-ள-ள-ஸ்ரீ என்று சுருங்கி, கல்யாணப் பத்திரிகையில் யார் பெயருக்கு முன்னாலும் உட்கார்ந்துகொண்டது. அதற்காக யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

ஜபர் ஜங் விஷயம் அப்படி இல்லை. ஆங்கிலேயர் ஆற்காட்டு நவாபாக முகம்மது அலியை நிறுத்தியிருந்தார்கள். துய்ப்ளேக்ஸை அந்தப் பட்டத்தோடு ஏற்றுக்கொண்டால், கர்நாடகத்தையே அவர் கையில் கொடுத்த மாதிரி. பட்டம் கொடுத்த முசாபர் ஜங்கோ 1751 ஆரம்பத்திலேயே, ஹைதராபாத் போகும் வழியில் கொல்லப்பட்டுவிட்டார். சதுரங்கப்பட்டினத்தில் பிரெஞ்சுத் தரப்பு சனதுகளை எடுத்து வைத்தது. இவை உண்மையானவைதானா என்று ஆங்கிலேயர் கேட்டார்கள். அப்புறம் பேச என்ன இருக்கு?

பிள்ளையின் நாட்குறிப்பில் யாருக்கு எத்தனை பீரங்கி போட்டார்கள், யாருக்கு வெற்றிலை பாக்கு, பன்னீர் என்று பக்கம் பக்கமாக வரும். முதல் வாசிப்பில் சலிப்புதான். சதுரங்கப்பட்டினத்துக் கதை தெரிந்தபின் நான் அந்த இடங்களைத் தாண்டிப் போவதில்லை.

1754 ஆகஸ்டில் கோதே வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ள, அக்டோபரில் துய்ப்ளேக்ஸ் கப்பலேறினார். கைக்காசு போட்டு நடத்திய யுத்தத்துக்குக் கம்பெனியிடம் பாக்கி கேட்டு வருஷக்கணக்காக வழக்காடி, 1763இல் பாரிஸில் கடனாளியாகவே இறந்தார். அப்போது பிரெஞ்சு ராஜா கொடுத்த 'மார்க்கி' பட்டமும் அவரிடம் இருந்தது.