பிறர் கற்ற எம்மொழி

ஒரு மொழியைக் கற்பதும் அம்மொழி வழங்கும் தேசப் பகுதியைக் கற்பதும் ஒன்றல்ல. இலக்கண இலக்கியங்களைக் கற்றுத் தேறியவர் புலவராவர். அம்மொழியைப் பேசுவோர் எத்தெய்வத்தை வணங்குகின்றனர், எம்முறையில் மணம் முடிக்கின்றனர், அயலிலே வேறு மொழி பேசுவோருடன் எவ்வாறு கொண்டு கொடுத்து வாழ்கின்றனர் என்பனவற்றையும் சேர்த்துக் கற்பதையே பல்கலைக்கழகங்களிலே பிரதேச ஆய்வு என்கின்றனர். இந்தியாவும் இலங்கையும் அவற்றை அடுத்த நாடுகளும் சேர்ந்த தொகுதிக்குத் தென்னாசியா என்பது பெயர். களனி கங்கையின் அயலிலே, ரப்பர் மரங்களின் நடுவே வாழும் கரவனெல்லப் பகுதித் தமிழராகிய நாமும் அத்தொகுதிக்குள் அடங்கியவர்களே. உலகத்தார் எம்மைக் கற்கத் தொடங்கியது எப்போது, எதன் பொருட்டு, அக்கல்வியிலே எமக்குரிய இடம் யாது என்பவற்றை இம்மலரின் வாசகர்களோடு சிறிது சிந்திக்க விரும்புகின்றோம்.

தொடக்கம் சமயத்தாலும் ஆட்சியாலும் வந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் யேர்மனியிலுள்ள ஹாலே நகரிலே இலத்தீன் மொழியில் அச்சாயிற்று. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின், 1812இல், ஆங்கிலேயர் சென்னையிலே புனித ஜோர்ஜ் கோட்டைக் கல்லூரியை நிறுவினர். சீமையிலிருந்து வந்திறங்கிய இளம் உத்தியோகத்தர்கள் நாட்டு மொழியைப் பயின்ற பின்னரே வேலைக்குப் போகவேண்டும் என்பது ஏற்பாடு. வரி தண்டவும் வழக்குத் தீர்க்கவும் மொழி வேண்டுமன்றோ! ஆனால் அக்கல்லூரிக்கு மூலபுருஷராயிருந்த எல்லிஸ் துரையை மொழி வேறு வழியிலே இழுத்துச் சென்றது. தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியன ஓரினத்தைச் சேர்ந்தவை, வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல என்று அவர் 1816இல் காட்டினார். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856இல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, ஓர் உத்தியோகத்தர் கல்லூரியிலே அவ்வுண்மை எழுத்தில் ஏறிவிட்டது.

எம் முன்னோர் கோப்பிக்கும் தேயிலைக்கும் பின்னர் ரப்பருக்குமாக இந்நாட்டுக்கு வந்தபோது, அவர்கள் மொழியையும் கற்கவேண்டிய தேவை துரைமாருக்கு ஏற்பட்டது. பெர்கசன் என்பார் கொழும்பிலே தொகுத்து வெளியிட்ட கைந்நூலொன்றின் பெயர் ‘இங்கே வா’. சின்னத்துரைமாரின் சட்டைப்பைக்குள் அடங்கும் தமிழ் வழிகாட்டி அது. 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய நூலின் பெயர் ‘கூலித் தமிழ்’. தேயிலை, ரப்பர் தோட்டத் தொழிலாளர் விளங்கிக்கொள்ளும் தமிழ் என்றே அதன் முகப்புக் கூறும். ஒன்றின் தலைப்பு ஏவல் வினை. மற்றொன்றின் தலைப்பு பேசுவோரின் தொழிலையே மொழிக்குப் பெயராக்கி விட்டது. இவற்றைப் பார்க்கும்போது எமக்கு மனம் கசக்கத்தான் செய்கின்றது. ஆயினும் அவற்றைத் தூக்கி எறிதல் தகாது. எம் பாட்டன் பாட்டிமார் பேசிய பேச்சை, அது எவ்வளவு குறைபட்டதாயினும், அச்சிலே பிடித்து வைத்த பழைய ஏடுகளுள் அவையும் சேரும். அக்காலத்துப் பண்டிதர் எவரும் லயத்துப் பேச்சுக்கு இலக்கணம் எழுத முன்வந்ததாகத் தெரியவில்லையே!

இலண்டனிலே கீழைத்தேயக் கல்விக்கான கல்லூரி 1916இல் அரச பட்டயம் பெற்றது. அதுவும் பேரரசின் தேவைக்காகவே எழுந்தது. எனினும் அதன் வாயில் எம்மவருக்கும் திறந்தது. புலோலியிற் பிறந்த கணபதிப்பிள்ளை 1930களிலே இலண்டன் சென்று, ஏழாம் எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுக்களின் மொழியை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். கற்கப்படும் இனத்தவரே கற்பவராக மாறிய காலம் அது.

அம்மாற்றத்தை இந்நாட்டு மண்ணிலே நிலைநாட்டியவர் இந்து வாலிபர் யாவரும் போற்றும் விபுலாநந்த அடிகள். 1892இல் காரைதீவிற் பிறந்த அவர் விஞ்ஞானப் பட்டதாரி. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். பண்டைத் தமிழரின் யாழை ஆராய அவர் இலக்கியத்தை மாத்திரம் துணைக்கொள்ளவில்லை. கணிதத்தையும் பௌதிகத்தையும் அழைத்துக்கொண்டார். அதன் பயனாகிய யாழ்நூல் 1947இல் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அடிகள் மறைந்தார். அவருடைய ஆசனத்தில் அமர்ந்தவர் நாம் மேலே குறித்த கணபதிப்பிள்ளை அவர்கள்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் எழுந்தபோது அதன் பீடங்களுள் ஒன்று கீழைத்தேயக் கல்விப் பீடம். சிங்களமும் தமிழும் பாளியும் சமஸ்கிருதமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அவ்வமைப்பு நிலைத்து வளர்ந்திருந்தால் எம் நாட்டின் பிற்கால வரலாறு சற்றேனும் வேறாயிருக்கும் என்று நாம் எண்ணுவதுண்டு.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே நோர்மன் பிரவுண் 1948இல் தென்னாசியப் பிரதேச ஆய்வுத் துறையைத் தொடங்கினார். அமெரிக்காவில் அத்தகைய துறை அதுவே முதலாவது. 1957இல் ருஷியர் ஸ்புட்னிக் என்னும் செயற்கைக்கோளை விண்ணில் ஏவினர். விஞ்ஞானத்தில் மட்டுமன்றி உலக மொழிகளை அறிவதிலும் தாம் பின்தங்கி விட்டதாக அமெரிக்கர் அஞ்சினர். மறு ஆண்டிலேயே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்ற பெயரில் ஒரு சட்டம் செய்து, மொழிக் கல்விக்குப் பணத்தை அள்ளி இறைத்தனர். தமிழ் நெடுங்கணக்கைக் கற்பது அமெரிக்காவின் பாதுகாப்புக்கு வேண்டிய காரியமாயிற்று! வேடிக்கை இன்னுமுண்டு. இந்தியா அந்நாட்டிலிருந்து வாங்கிய கோதுமைக்கு ரூபாயிலே விலை கொடுத்தது. அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் இந்திய மொழி நூல்களை வாங்கித் தம் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பினர். சென்னையிலே அச்சான தமிழ் நாவலும் கவிதையும் சிக்காகோ நூலகத்திலே போய் அமர்ந்தது இவ்வாறுதான்.

நோக்கம் அரசியலாயினும் விளைந்தது எமக்குப் பயனுள்ள அறிவு. அவ்வறிவிலே ஒன்றை விரித்துரைக்க வேண்டும். ஏனெனில் அது எம் வாசலிலே கிடப்பது. எமனோ என்னும் பேராசிரியர் வடமொழி கற்றவர். 1930களிலே நீலகிரி மலையில் தோடர், கோத்தர் என்போரிடையே தங்கி அவர்கள் மொழிகளை எழுதியவர். பின்னர் பரோ என்பவருடன் சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பகராதியை 1961இல் வெளியிட்டவர். அவர் 1956இல் எழுதிய கட்டுரையொன்றில், வெவ்வேறு குடும்பத்து மொழிகள் நெடுங்காலம் அயலயலாய் வழங்கியதால் ஒன்றன் இயல்பை மற்றொன்று ஏற்று, இப்பகுதி முழுவதும் ஒரு மொழிப் பிரதேசமாய் ஆகிவிட்டது என்று எடுத்துக்காட்டினார். அவரும் அவருக்குப் பின் வந்தோரும் காட்டிய சான்றுகளை இலங்கையிலே தேட நூலகம் வேண்டாம். ‘எனக்குப் பசிக்கிறது’ என்கின்றோம் நாம். ‘மட்ட படகினி’ என்கின்றார் அயல் வீட்டுச் சிங்களவர். மட்ட என்பது எனக்கு என்பதே. ‘எனக்கு வேண்டும்’ என்பது அவர்களிடத்து ‘மட்ட ஓனெ’. ‘எனக்கு விளங்குகிறது’ என்பது ‘மட்ட தேரெனவா’. பசிப்பவனையும் வேண்டுபவனையும் நான்காம் வேற்றுமையில் நிறுத்தும் வழக்கு இரண்டு மொழிக்கும் பொது. பிறர் கூற்றைச் சொல்லுமிடத்து நாம் ‘என்று’ வைப்பதுபோல அவர்கள் ‘கியலா’ வைக்கின்றனர். அதுவும் சொல்லுதல் என்ற வினையிலிருந்து வந்ததுதான். கடை அங்கே ‘கடே’, சல்லி ‘சல்லி’யே, முதலாளி ‘முதலாளி’யே. தமிழ் திராவிட இனம், சிங்களம் ஆரிய இனம் என்று பாடநூல் பிரித்துச் சொல்வது பிறப்பைப் பற்றிய மட்டில் உண்மை. வளர்ப்பைப் பற்றிய உண்மை கரவனெல்லக் கடைத்தெருவிலே கேட்கும்.

எமனோவின் கட்டுரை வெளிவந்த அதே 1956ஆம் ஆண்டிலேதான் இந்நாட்டிலே சிங்களம் மட்டும் அரச கரும மொழி என்ற சட்டம் நிறைவேறியது. பின்னர் பல்கலைக்கழகக் கலைப் பீடங்களிலே தாய்மொழி மூலம் போதனை வந்தது. அது வேண்டியதே, எனினும் ஒருவர் பேச்சு மற்றவர் செவியில் விழாதபடி வகுப்புகளும் இரண்டாயின. தமிழும் அரச கரும மொழியென்று 1987இல் யாப்பிலே திருத்தம் வரும்வரை எத்தனை இழப்புகள்!

பிரிவினை வளர்ந்த அக்காலத்திலும் சிலர் இரு மொழிகளையும் ஒரு மேசையில் வைத்திருந்தனர். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் கெயர் சிங்களத்தை ஆராய்ந்த அமெரிக்கர். சுசீந்திரராசா அண்ணாமலையிலே யாழ்ப்பாணத் தமிழை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். கருணாதிலக களனிப் பல்கலைக்கழகச் சிங்கள அறிஞர். இம்மூவரும் சேர்ந்து பேச்சுத் தமிழைக் கற்பிக்கும் நூலொன்றை 1978இல் கொழும்பிலே வெளியிட்டனர். இத்தகைய நூல்களுக்குக் கிடைக்க வேண்டிய புகழ் கிடைப்பதில்லை.

தமிழை உலகப் பல்கலைக்கழகங்களின் பொதுப்பொருளாக்கியதிலே ஈழத்தவரான தனிநாயகம் அடிகளாருக்கு ஒப்பாரில்லை. அவர் 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வுத் துறையின் தலைவராயிருந்தார். 1964இல் புதுடில்லியிலே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரிலும், நான்காவது 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்திலும் நடந்தன. யாழ்ப்பாண மாநாட்டின் இறுதி நாளிலே உயிர்கள் பலியானதை இந்நாட்டுத் தமிழர் மறக்கவில்லை.

இவ்வளவு பெருமைக்கும் நடுவே, சங்க இலக்கியத்துக்கும் கல்வெட்டுக்கும் கிடைத்த கவனம் தோட்டத்து மக்களின் பேச்சுக்கும் பாட்டுக்கும் கிடைத்ததென்று சொல்வதற்கில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எம்மவர் பெருந்தொகையினர் நாடற்றவராயினர். சட்டத்திலே அக்குறை தீர 2003 வரை செல்லவேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற தோட்டப் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழக வாயிலை எட்டியவர் மிகச் சிலர். சி. வி. வேலுப்பிள்ளை தாமே முயன்று மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டியிராவிடில் அவற்றுட் பல எம் காதுக்கு எட்டியிரா.

சிக்காகோவிலே கற்ற மானிடவியல் அறிஞர் வலன்டைன் டானியல் இந்நாட்டிலே பிறந்தவர். தோட்டத்துப் பெண்களின் நாட்டுப்பாடல்களைச் சேகரிப்பதற்கென 1983இல் இங்கு வந்தார். அவ்வாண்டு ஆடிக் கலவரத்தின் பின் அவரிடம் மக்கள் சொன்னவை பாடல்களல்ல. தாம் கண்ட கொடுமைகள். வன்முறையைப் பற்றிய அவருடைய நூல் 1996இல் வெளிவந்தது. அதன் தலைப்பிலே ‘கருகிய தாலாட்டுகள்’ என்று வைத்தார். சேகரிக்க வந்த தாலாட்டு தலைப்பிலே மட்டும் மிஞ்சிற்று.

இக்காலத்திலே ஹார்வார்டிலும் டொரொன்டோவிலும் தமிழ் இருக்கைகளுக்குப் புலம்பெயர்ந்த தமிழரே பணம் திரட்டியுள்ளனர். எம் மாகாணத்திலும் 1995இல் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் பெலிஹுல்ஓயாவில் நிறுவப்பட்டது. சமூக விஞ்ஞான மொழிகள் பீடம் அதில் உண்டு. அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை வழியே பஸ்ஸில் போய்ச் சேரும் தூரம். இரு மொழியும் நாவிலே ஓடும் எமது வாலிபரும் யுவதியரும், மொழி ஆராய்ச்சிக்கு வெளிநாட்டவர் பல ஆண்டு செலவிட்டுப் பெறும் தகுதியை வீட்டிலேயே பெற்றிருக்கின்றனர். அவர்களிற் பலர் அதை ஒரு தகுதியாக எண்ணாததே எமக்கு வருத்தம். ‘தோட்டத் தமிழ்’ என்று பிறர் நகைப்பரோ எனக் கூசுகின்றனர். சிங்களப் பாடசாலையிலே படிக்கும் எம் பிள்ளைகளுக்குப் பாட்டியின் ஒப்பாரி பாதி விளங்குவதில்லை.

ஆங்கிலச் சொல்லாகிய ‘லைன்’ லயமாயிற்று, ‘பரேட்’ பிரட்டாயிற்று, ‘கொன்ட்ராக்ட்’ கொந்தரப்பாயிற்று. கங்காணி என்ற எம் சொல்லோ ஆங்கில அகராதிக்குள் ஏறியது. பால்வெட்டு, சிரட்டை, ஒட்டுப்பால் என்று ரப்பர்க் காட்டுக்கே உரிய சொற்கள் ஒரு புறம். காமன் கூத்துப் பாட்டும் தப்படிக்கும் முறைகளும் மறுபுறம். இவற்றை மூத்தோர் வாய்க்கேட்டு எழுதும் பணியை எமது சங்க இளைஞர் தொடங்கியிருக்கின்றனர். சொல், பொருள், சொன்னவரின் வயது, அவர் பிறந்த தோட்டம், அயலிலே வழங்கும் சிங்களச் சொல் என ஐந்து பத்திகளாகக் கொப்பியிலே கோடிட்டிருக்கின்றோம். இரண்டு கொப்பிகள் நிறைந்துவிட்டன. மூன்றாவது, பால்வெட்டிலே முதிர்ந்த மூதாட்டியரிடம் தாலாட்டு எழுதுவதற்காக மேற்பிரிவு லயத்துக்குப் போயிருக்கின்றது.