கடவுளை நம்புறீங்களா? 1937-ல் ஸ்டாலின் அரசு கேட்ட கேள்வி

மனுஷங்க என்னைக்காவது மத நம்பிக்கையைத் தாண்டிப் போயிடுவாங்களா? இந்தக் கேள்விக்கு ஜோசியம் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனா ஒரு நாடு இதை நிஜமாவே செஞ்சு பார்த்தது. இருபது வருஷம் கழிச்சு, எவ்வளவு தூரம் தாண்டியிருக்கோம்னு மக்கள்கிட்டயே கணக்கும் கேட்டது. அந்த நாடு சோவியத் யூனியன். இன்னைக்கு அந்தக் கதைதான்.

1917 புரட்சியில ஆட்சியைப் பிடிச்ச போல்ஷ்விக்குகள், அடுத்த வருஷமே அரசையும் பள்ளிக்கூடத்தையும் சர்ச்சிலிருந்து பிரிச்சாங்க. அது பல நாடுகளில் நடந்ததுதான். ஆனா அவங்க அதோட நிக்கல. 1925-ல் நாத்திகப் பிரச்சாரத்துக்குன்னே ஓர் அமைப்பு உருவானது. பின்னாடி 'போர்க்குணம் கொண்ட நாத்திகர் சங்கம்'னு பேர் மாத்திக்கிட்ட அந்த அமைப்புக்கு லட்சக்கணக்கில் உறுப்பினர்கள். ஞானஸ்நானத்துக்குப் பதிலா 'அக்டோபர் சடங்கு'ன்னு ஒண்ணு வந்தது. விளாதிமிர் லெனின் பேரைச் சுருக்கி, குழந்தைகளுக்கு 'விளாத்லென்'னு பேர் வச்சாங்க.

1929-ல் ஞாயித்துக்கிழமை மேலயே கை வச்சாங்க. ரஷ்ய மொழியில் அந்த நாளுக்குப் பேரே 'உயிர்த்தெழுதல்'. வாரத்தையே மாத்தி, ஆளுக்கொரு நாள் லீவு கொடுத்தாங்க. குடும்பமா சேர்ந்து சர்ச்சுக்குப் போறதே கஷ்டமாச்சு. 1931 டிசம்பர் 5-ம் தேதி, மாஸ்கோவோட பிரம்மாண்டமான இரட்சகர் கிறிஸ்து பேராலயத்தை வெடி வச்சுத் தகர்த்தாங்க. அடுத்த வருஷம்தான் பெரியார் சோவியத் ரஷ்யாவுக்குப் போனார். அந்த நாட்டைப் பார்த்து உற்சாகமாத் திரும்பிவந்த பலரில் அவரும் ஒருத்தர்.

இப்போ நம்ம கதையோட மையத்துக்கு வருவோம். 1937 ஜனவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. படிவத்தில் மதம் பத்தி ஒரு கேள்வி. அதைச் சேர்க்கச் சொன்னது ஸ்டாலினே. பதினாறு வயசு தாண்டின எல்லார்கிட்டயும் கேட்டாங்க. நீங்க எந்த மதத்தில் பிறந்தீங்கன்னு இல்ல. இப்போ நம்புறீங்களா, இல்லையா? பதில் சொல்றவங்க பேரும் அதே படிவத்தில் இருக்கும்.

அது எந்த மாதிரி நேரம்னு யோசிச்சுப் பாருங்க. பாதிரியார்கள் முகாம்களில் இருக்காங்க. பெரும்பாலான சர்ச்சுகள் மூடிக்கிடக்கு. பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரியோட ராத்திரியா காணாமப்போற காலம். 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா பிரச்சினையே இல்ல.

பதில் சொன்னவங்க சுமார் 9.8 கோடி பேர். அதில் சுமார் 5.5 கோடி பேர், பாதிக்கும் மேல, 'நம்புறேன்'னு எழுத வச்சாங்க.

அரசு என்ன பண்ணுச்சு? கணக்கெடுப்பையே செல்லாதுன்னு அறிவிச்சது. இதுக்கு மதம் மட்டும் காரணம் இல்ல. மொத்த மக்கள்தொகையும் எதிர்பார்த்ததை விட பல லட்சம் குறைவா வந்திருந்தது. 1932-33 பஞ்சத்தில் செத்தவங்களை அந்த எண்ணிக்கை காட்டிக்கொடுத்தது. கணக்கெடுப்பை நடத்தின முக்கிய அதிகாரிகள் கைதானாங்க. ஒலிம்பி க்வித்கின் உட்பட சிலர் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. 1939-ல் மறுபடி கணக்கெடுத்தப்போ, மதம் பத்தின கேள்வியே இல்ல. பழைய முடிவுகள் வெளியே வர அரை நூற்றாண்டு ஆச்சு.

எனக்கு இதில் முக்கியமாப் படுறது வேற ஒண்ணு. 'நம்புறேன்'னு சொன்ன 5.5 கோடியை நம்பலாம். பொய் சொல்ல அவங்களுக்குக் காரணமே இல்ல. ஆனா 'இல்லை'ன்னு சொன்ன 4.2 கோடியில் எத்தனை பேர் நிஜமாவே நம்பிக்கையை விட்டவங்க, எத்தனை பேர் பயந்தவங்க? யாராலயும் சொல்ல முடியாது. அதில் உண்மையான நாத்திகர்கள் கண்டிப்பா இருந்திருப்பாங்க. படிச்சு, யோசிச்சு, தானா முடிவெடுத்தவங்க. அவங்க பதிலுக்கும் மதிப்பில்லாமப் பண்ணினது அதே அரசுதான்.

அப்புறம் நடந்ததும் வேடிக்கை. ஹிட்லர் படையெடுத்து வந்ததும் ஸ்டாலினுக்கே சர்ச் தேவைப்பட்டது. 1943 செப்டம்பரில் மூத்த ஆயர்கள் மூணு பேரைக் கிரெம்ளினுக்குக் கூப்பிட்டுப் பேசினார். பேராலயம் இருந்த இடத்தில் பின்னாடி ஒரு நீச்சல்குளம் வந்தது. 2000-ல் அதே இடத்தில் பேராலயம் திரும்ப எழுந்து நின்னது. பியூ ஆய்வு மையத்தோட கணக்குப்படி, தன்னை ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்னு சொல்லிக்கிட்ட ரஷ்யர்கள் 1991-ல் 31 சதவீதம், 2008-ல் 72 சதவீதம். ஆனா மாசத்துக்கு ஒரு தடவையாவது சர்ச்சுக்குப் போறவங்க 7 சதவீதம்தான். பக்தியை விட அடையாளம்தான் பெருசாத் திரும்பி வந்திருக்கு.

இதோட இன்னொரு கணக்கெடுப்பை வச்சுப் பாருங்க. இங்கிலாந்து, வேல்ஸ். அங்கே மதம் பத்தின கேள்விக்கு விருப்பப்பட்டாத்தான் பதில் சொல்லணும். 2011-ல் 'மதம் இல்லை'ன்னு சொன்னவங்க 25 சதவீதம். 2021-ல் 37 சதவீதம். கிறிஸ்தவர்கள் முதல் தடவையா பாதிக்கும் கீழ வந்தாங்க. அந்த நாட்டு மன்னர்தான் இன்னைக்கும் இங்கிலாந்துத் திருச்சபையோட தலைவர். யாரும் எந்த சர்ச்சுக்கும் வெடி வைக்கல.

அதனால, மனுஷகுலம் மதத்தைத் தாண்டுமாங்கற கேள்விக்கு என் பதில் இதுதான்: சில சமூகங்கள் தாண்டிக்கிட்டு இருக்கு, சிலது தாண்டாமலே போகலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருக்கு. ஆமான்னாலும் இல்லைன்னாலும் எதுவும் ஆகாதுங்கற நிலைமையில் கேட்கணும். நம்பிக்கையை விடச் சொல்லி மிரட்டுறவங்களுக்கும், நம்பித்தான் ஆகணும்னு மிரட்டுறவங்களுக்கும் அந்த உண்மையான பதில் கிடைக்கவே கிடைக்காது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.